நாலு பேர் என்ன சொல்வார்கள்: சிறு மாற்றங்களும் பெரும் சமூக விளைவுகளும்

சமூக மாற்றம் பற்றிய பொதுச் சிந்தனையில் ஓர் எடுகோள் வெளிப்படையாகச் சொல்லப்படாமலேயே இயங்கி வருகிறது. பெரிய விளைவு ஒன்று நிகழ வேண்டுமானால் அதற்கு ஈடான பெரிய காரணம், அதாவது ஒரு போரோ புரட்சியோ கடுஞ்சட்டமோ பெருந்தொகைத் திட்டமோ முன்னதாக இருந்தாக வேண்டும் என்பதே அந்த எடுகோள். இதன் மறுபக்கமாக, சிறிய முயற்சிகளால் சிறிய பயனே விளையும் என்ற முடிவும் எளிதாக வந்து சேர்கிறது. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் சமூக வரலாறு இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. பேரரசின் ஆணைக்கு அசையாத வழக்கம் ஒன்று குடும்பங்கள் கூடி எடுத்த உறுதிமொழியை ஒட்டி ஒரு தலைமுறைக் காலத்தில் மறைந்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளிவிவரம் தெரியவந்ததால் மனைவியின் வேலை குறித்த முடிவைக் கணவர்கள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த மிதிவண்டி, அதைப் பெண்கள் கூட்டமாக ஓட்டத் தொடங்கிய பிறகு ஒரு மாவட்டத்தின் அன்றாடத்தையே மாற்றியிருக்கிறது.

இந்த நிகழ்வுகளை வியப்புகளின் பட்டியலாக வாசிப்பதால் பயனில்லை. இவற்றுக்கு அடியில் பொதுவான ஓர் அமைப்பு இருக்கிறது. மனிதர்கள் எடுக்கும் முடிவுகளில் ஒரு பகுதி தனித்து எடுக்கப்படுவது. இன்னொரு பகுதி, பிறர் என்ன செய்கிறார்கள், பிறர் என்ன நினைப்பார்கள் என்பதை எதிர்நோக்கி எடுக்கப்படுவது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்வகை முடிவுகளில் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பதால், யாருமே விரும்பாத நிலைகூட நீண்ட காலம் நீடிக்க முடியும். அதே காரணத்தால், அந்தக் காத்திருப்பின் ஒரு கண்ணியைத் தொடும் சிறு மாற்றம் தன் அளவை மீறிய விளைவைத் தரவும் முடியும். ஆகவே ஒரு மாற்றத்தின் சமூக விளைவைத் தீர்மானிப்பதில் அதன் அளவைவிட அது விழும் இடமே முதன்மையானது என்பதை இக்கட்டுரை சில சான்றுகளின் வழி நிறுவ முயல்கிறது.

நூறு பேர் கொண்ட சதுக்கம்

இந்த அமைப்பை எளிய எண்களால் விளக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர். 1978இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றில் அவர் 'தொடக்க எல்லை' என்று சொல்லத்தக்க ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவர் ஒரு செயலில் இறங்குவதற்கு முன் எத்தனை பேர் அச்செயலில் ஏற்கெனவே இறங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரோ, அந்த எண்ணிக்கையே அவருடைய தொடக்க எல்லை. யாருக்காகவும் காத்திராமல் முதலில் இறங்குபவரின் எல்லை சுழியம். ஒருவர் இறங்கினால் தானும் இறங்குபவரின் எல்லை ஒன்று. ஊரே இறங்கிய பிறகுதான் அசைவேன் என்பவரின் எல்லை மிக உயர்ந்தது.

ஒரு சதுக்கத்தில் நூறு பேர் கூடியிருக்கிறார்கள் என்றும், கலவரத்தில் இறங்குவதற்கான அவர்களுடைய தொடக்க எல்லைகள் சுழியம், ஒன்று, இரண்டு என்று தொடங்கித் தொண்ணூற்றொன்பது வரை வரிசையாக அமைந்திருக்கின்றன என்றும் கொள்வோம். சுழிய எல்லை உடையவர் முதல் கல்லை எறிந்தவுடன் எல்லை ஒன்று உடையவர் சேர்கிறார். இருவரானதும் எல்லை இரண்டு உடையவர் சேர்கிறார். இப்படியே நூறு பேரும் கலவரத்தில் இறங்கிவிடுகிறார்கள். இனி, எல்லை ஒன்று உடைய அந்த ஒருவருக்குப் பதிலாக எல்லை இரண்டு உடைய ஒருவர் சதுக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், முதல் கல் எறியப்பட்ட பிறகு அடுத்து இறங்க யாரும் இல்லை. கலவரம் ஒரே ஆளோடு முடிந்துபோகிறது. இரண்டு கூட்டங்களின் சராசரி மனநிலையை அளந்தால் முதலாவதில் 49.50, இரண்டாவதில் 49.51 என்ற அற்ப வேறுபாடுதான் தென்படும். ஆனால் நிகழ்வைப் பார்க்கும் ஒருவர் முதல் கூட்டத்தை ஒட்டுமொத்த வன்முறைக் கும்பல் என்றும், இரண்டாவதைப் பொறுப்புள்ள மக்களிடையே நின்ற ஒரு முரடனின் செயல் என்றும் முடிவு கட்டிவிடுவார். மக்களின் மனநிலையை மட்டும் அளந்து சமூகத்தின் போக்கைக் கணிக்க முயல்வது ஏன் தவறிப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1971இல், பிற்காலத்தில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் இதே அமைப்பின் இன்னொரு முகத்தைக் காட்டியிருந்தார். கட்டங்கள் வரைந்த பலகையில் இருவகைக் காய்களைக் கலந்து வைத்து, தன் அண்டைக் கட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் போதும் என்று ஒவ்வொரு காயும் விரும்புவதாகவும், அவ்விருப்பம் நிறைவேறாத காய் இடம் மாறுவதாகவும் அவர் அமைத்தார். பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்ற வேட்கை எந்தக் காய்க்கும் இல்லாதபோதும், சில சுற்றுகளில் பலகை இருவேறு சேரிகளாகப் பிரிந்துவிட்டது. தனி மனிதரின் மிதமான விருப்பங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்போது யாரும் கருதாத கடுமையான விளைவு உருவாகும் என்பதும், சிறு காரணத்தின் பெரு விளைவு எப்போதும் நன்மையாக இருக்கத் தேவையில்லை என்பதும் அந்தப் பலகை உணர்த்திய பாடங்கள்.

சீனத்தில் அவிழ்ந்த கட்டு

பலகையிலும் எண்களிலும் காணப்பட்ட இந்த அமைப்பு மெய்யான மனித வாழ்வில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குச் சீனத்தின் பாதம் கட்டும் வழக்கம் முதன்மையான சான்று. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தையின் பெருவிரல் தவிர்ந்த நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீண்ட துணியால் இறுகக் கட்டி, பாத எலும்புகள் முறிந்து வளையும்வரை அக்கட்டை மேலும் மேலும் இறுக்குவதே இவ்வழக்கம். ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டில் அரசவைச் சூழலில் தோன்றி, சோங் பேரரசுக் காலத்தில் மேல்தட்டினரிடையே பரவி, பின்னர் வேளாண் குடும்பங்கள் வரை இறங்கிய இக்கொடுமையைத் தம் மகள்களுக்குச் செய்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. கட்டாத பாதத்தோடு வளரும் பெண்ணுக்கு நல்ல இடத்தில் திருமணம் அமையாது என்ற அச்சம், தாம் பட்ட வலியை நன்கு அறிந்த அந்தத் தாய்மார்களையே மகளின் அழுகையைப் பொருட்படுத்தாதவர்களாக ஆக்கியது.

அரச அதிகாரம் இவ்வழக்கத்தை அசைக்கவில்லை. மஞ்சூக்களின் சிங் பேரரசு 1664இல் இதற்குத் தடை விதித்து, மக்களிடம் அது செல்லாததால் 1668இல் தடையைத் திரும்பப் பெற்றது. வழக்கத்தை வெறுத்த அறிஞர்கள் பல காலங்களில் எழுதியபோதும் மாற்றம் ஏற்படவில்லை. அரசியல் கோட்பாட்டாளர் ஜெரி மேக்கி 1996இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான காரணத்தை ஆராய்ந்தார். தன் மகளின் பாதத்தைக் கட்டாமல் விடும் குடும்பம் ஒன்று தனித்து நின்றால், அந்த மகள் திருமண வாய்ப்பை இழக்கிறாள். எனவே வழக்கத்தை மனத்துக்குள் வெறுக்கும் குடும்பமும் அதைக் கைவிட முடியாது. ஒவ்வொரு குடும்பமும் பிற குடும்பங்களின் முடிவுக்குக் கட்டுப்பட்டிருப்பதால், வெறுப்பு எவ்வளவு பரவினாலும் வழக்கம் அப்படியே நிற்கும். ஆனால் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கப் போதுமான அளவு குடும்பங்கள் ஒரே நேரத்தில் கைவிட்டால், இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

வரலாற்றில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் மக்கவன் என்ற பாதிரியார் 1874இல் சியாமென் நகரில் பாதக்கட்டு எதிர்ப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1895இல் ஷாங்காயில் அலிசியா லிட்டில் 'இயற்கைப் பாதச் சங்க'த்தை நிறுவினார். 1897இல் லியாங் சீச்சாவ் உள்ளிட்ட சீனச் சீர்திருத்தவாதிகள் அதே நகரில் தங்கள் சங்கத்தைக் கண்டார்கள். இவ்வகைச் சங்கங்களின் உறுதிமொழியில் இரண்டு கூறுகள் இருந்தன. மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம் என்பது முதலாவது; பாதம் கட்டிய பெண்ணை மகனுக்கு மணமுடிக்கமாட்டோம் என்பது இரண்டாவது. முதல் கூறு மட்டும் இருந்திருந்தால் அது நல்லெண்ணமாக நின்றுபோயிருக்கும். இரண்டாம் கூறே கட்டாத பாதத்துக்கு ஒரு மணமகனை உறுதிசெய்து, குடும்பங்களின் கணக்கையே மாற்றியது. அன்றைய சமூகத்தில் மகனின் திருமணத்தைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோரிடம் இருந்ததால், அவர்கள் தந்த வாக்குக்கு உண்மையான எடையும் இருந்தது.

பீக்கிங்குக்குத் தெற்கே உள்ள திங்சியென் என்ற ஊரகப் பகுதியில் சிட்னி கேம்பிள் திரட்டிய தரவுகளின்படி 1889இல் 99 விழுக்காடாகவும் 1899இல் 94 விழுக்காடாகவும் இருந்த இவ்வழக்கம், 1919 அளவில் புதிய தலைமுறையிடம் முற்றாக மறைந்துவிட்டது. ஆயிரம் ஆண்டு நின்ற ஒன்று இருபது ஆண்டுகளில் வீழ்ந்ததற்கு உறுதிமொழி மட்டுமே காரணம் என்று சொல்வது மிகைக்கூற்றாகும். 1902இல் பேரரசி சீசீ வெளியிட்ட அறிவுரை ஆணையும், 1912இல் குடியரசு விதித்த தடையும், நாட்டின் பின்னடைவு குறித்துப் படித்தவர்களிடம் எழுந்த கவலையும் சேர்ந்தே இயங்கின. லாரல் போசனும் ஹில் கேட்ஸும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதிய ஊரகப் பெண்களிடம் விவரம் திரட்டி 2017இல் வெளியிட்ட நூலில், பாதக்கட்டு சிறுமிகளை ஓரிடத்தில் அமர்த்தி நூல் நூற்கவும் நெய்யவும் வைத்த வீட்டுத் தொழிலோடு பிணைந்திருந்தது என்றும், ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து அத்தொழில் நலிந்தபோது வழக்கமும் நலிந்தது என்றும் வாதிட்டார்கள். வழக்கத்தின் பொருளாதார வேர் அற்றுக்கொண்டிருந்தது என்பதை ஏற்றாலும், வேரற்ற வழக்கங்கள் பல பழக்கத்தாலும் அச்சத்தாலும் நெடுங்காலம் நின்றிருப்பதை வரலாறு காட்டுகிறது. ஒருவரையொருவர் பார்த்து நிற்கும் நிலையிலிருந்து குடும்பங்களை விடுவிக்க ஒரு வழி தேவைப்பட்டது. அதை உறுதிமொழி அளித்தது.

இதே தருக்கம் வேறொரு கண்டத்தில், மேக்கியின் ஆய்வை அறியாத மக்களாலேயே கண்டடையப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் 'டொஸ்தான்' என்ற கல்வி அமைப்பின் வகுப்புகளில் பங்கேற்ற மாலிகுண்டா பம்பாரா ஊர்ப் பெண்கள், பெண்ணுறுப்பைச் சிதைக்கும் வழக்கத்தைத் தம் ஊர் கைவிடுவதாக 1997 ஜூலை 31 அன்று பொதுவில் அறிவித்தார்கள். தெம்பா ஜாவாரா என்ற இமாம், தனி ஊர் ஒன்றின் அறிவிப்பால் மட்டும் பயனில்லை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு ஊர்கள் அனைத்தும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று உணர்ந்து, தம் உறவினர்களின் ஊர்களுக்கெல்லாம் நடந்தே சென்று பேசினார். 1998இல் ஜாபுகு என்ற இடத்தில் 13 ஊர்கள் கூடிக் கூட்டு அறிவிப்பு வெளியிட்டன. திருமண உறவின் வட்டமே முடிவின் வட்டமாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஊர் இமாமும் தனித்தனியே கண்டறிந்தது தற்செயல் ஆகாது.

வெளியே சொல்லப்படாத ஒப்புதல்

காத்திருப்புக்கு இன்னொரு வடிவமும் உண்டு. மேற்சொன்னவற்றில் குடும்பங்கள் பிறரின் செயலுக்காகக் காத்திருந்தன. சில இடங்களில் மனிதர்கள் பிறரின் கருத்தைத் தவறாக ஊகித்துக்கொண்டு அந்த ஊகத்துக்குப் பணிகிறார்கள். பெரும்பாலோர் ஒரு வழக்கத்தைத் தனியே மறுத்துக்கொண்டு, மற்றவர்கள் அதை ஏற்கிறார்கள் என்று நம்பி வாய் திறக்காமல் இருப்பதைச் சமூக உளவியலார் கூட்டு அறியாமை என்று குறிப்பிடுவார்கள்.

லியோனார்டோ பர்ஸ்டின், அலெஸ்ஸாண்ட்ரா கொன்சாலஸ், டேவிட் யானகிசாவா-ட்ராட் ஆகிய மூவரும் சவூதி அரேபியத் தலைநகர் ரியாத்தில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. 18 முதல் 35 வயது வரையிலான 500 மணமான ஆண்களிடம், பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலை செய்ய அனுமதிக்கப்பட வேண்டுமா என்று தனித்தனியே கேட்டபோது 87 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஆனால் தம்முடன் அமர்ந்திருந்த, தம் குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்த மற்ற ஆண்களில் எத்தனை பேர் அவ்வாறு சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, நால்வரில் மூவர் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். பங்கேற்றவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கை சொல்லப்பட்டது. அறிவுரையோ நிதியோ கட்டளையோ எதுவும் தரப்படவில்லை. எண்ணிக்கையை அறியாதவர்களில் 23 விழுக்காட்டினர் வேலை தேடித்தரும் சேவையில் மனைவியின் பெயரைப் பதிவுசெய்தார்கள் என்றால், அறிந்தவர்களில் 32 விழுக்காட்டினர் பதிவுசெய்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு விசாரித்தபோது, வெளி வேலைக்கு விண்ணப்பித்திருந்த மனைவியர் முதல் பிரிவில் 6 விழுக்காடாகவும் இரண்டாம் பிரிவில் 16 விழுக்காடாகவும் இருந்தார்கள். ஆண்களின் மனம் இங்கே மாற்றப்படவில்லை. அது முன்பே மாறியிருந்தது. மாறிய மனம் தனித்ததல்ல என்ற செய்தி மட்டுமே புதிதாக வந்து சேர்ந்தது.

புதுக்கோட்டையின் மிதிவண்டிகள்

தமிழ்நாட்டில் இந்த அமைப்பின் இயக்கத்தைக் கண்கூடாகக் காட்டிய நிகழ்வு, 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பும் நோக்கத்தோடு பெண்களைப் பெருந்திரளாக ஈர்த்தது. கற்றவர்களிலும் கற்பித்த தொண்டர்களிலும் பெண்களே மிகுதி. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டி ஓட்டக் கற்பதை எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகவே ஆக்கி, பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் வழிசெய்தார்.

மிதிவண்டி அந்த மாவட்டத்துக்குப் புதிய பொருள் அன்று. ஆண்கள் அதைப் பல பத்தாண்டுகளாக ஓட்டிவந்தார்கள். பல வீடுகளில் அது சுவரில் சாய்ந்தே நின்றது. ஒரு பெண் தனியாக அதில் ஏறி ஊருக்குள் செல்ல முற்பட்டால் கேலியும் ஒழுக்கத்தைப் பழிக்கும் பேச்சும் அந்த ஒருத்தியின் மேலேயே விழும் என்பதுதான் தடையாக இருந்தது. கிரானொவெட்டரின் மொழியில் சொன்னால், பெரும்பாலான பெண்களின் தொடக்க எல்லை ஒன்றோ இரண்டோ அன்று, பத்தும் இருபதுமாக இருந்தது. அறிவொளி இயக்கம் நடத்திய பயிற்சி முகாம்கள் அந்த எல்லையை ஒரே நாளில் தாண்டவைத்தன. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பலரும் திடலில் ஒன்றாகக் கற்றபோது, வசை எறிய விரும்பியவர்களுக்குத் தனித்த இலக்கு கிடைக்கவில்லை. பொது விழாக்களில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் மிதிவண்டித் திறனை வெளிப்படுத்தியதாக இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாதபோது ஆண்களுக்கான வண்டிகளையே அவர்கள் ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ள அது வசதி என்று கருதியவர்களும் இருந்தார்கள். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச்செல்லவும், பேருந்துக்காகவோ வீட்டு ஆண்களுக்காகவோ காத்திராமல் வேலைக்குப் போய்வரவும் முடிந்தபோது, ஒரு நாளின் நேரம் அந்தப் பெண்களின் கைக்கு வந்தது.

இந்த அனுபவத்தின் உட்பொருளைப் பீகார் அரசின் திட்டம் பின்னாளில் எண்களால் உறுதிசெய்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தரும் திட்டத்தை அம்மாநிலம் 2006இல் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேர்ந்த மாணவியர் 32 விழுக்காடு கூடியதையும், சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் பெரிதும் விளைந்தது. தொலைவின் சுமை குறைந்ததோடு, ஊரின் மாணவியர் அனைவருக்கும் ஒரே வேளையில் வண்டி கிடைத்து அவர்கள் கூட்டமாகப் பள்ளிக்குச் சென்றதும் பெண்ணின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய மரபைத் தளர்த்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே தொகையை ஊருக்கு ஒருவராகத் தேர்ந்து சிதறலாகக் கொடுத்திருந்தால் இந்த இரண்டாம் பயன் கிடைத்திருக்க வழியில்லை.

அளவோடு கொள்ள வேண்டிய நம்பிக்கை

இச்சான்றுகள் தரும் நம்பிக்கையை எல்லா இடங்களுக்கும் விரித்துவிடக் கூடாது. பெண்ணுறுப்புச் சிதைப்பு குறித்தே சூடானின் கெசீரா பகுதியில் சார்ல்ஸ் எஃபர்சனும் உடனாய்வாளர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எச்சரிக்கையாக நிற்கிறது. குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்தே முடிவெடுக்கின்றன என்பது உண்மையானால், ஓர் ஊரில் ஏறத்தாழ அனைவரும் இதைச் செய்ய வேண்டும் அல்லது எவரும் செய்யாதிருக்க வேண்டும். ஆய்வாளர்கள் கண்டதோ வேறு: ஊர்தோறும் விழுக்காடு படிப்படியாக வேறுபட்டது, ஒரே ஊரில் செய்யும் குடும்பமும் செய்யாத குடும்பமும் அருகருகே வாழ்ந்தன. அங்கே குடும்பங்கள் தத்தம் நம்பிக்கையின்படி முடிவெடுப்பதால், கூட்டு அறிவிப்பு ஒன்றால் வழக்கம் சரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. செனகலில் பலித்த வழி சூடானில் அப்படியே பலிக்கும் என்று கருதியவர்களை இந்தக் கண்டுபிடிப்பு மறுபடி சிந்திக்கவைத்தது.

ஆகவே சிறு மாற்றத்தில் நம்பிக்கை வைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நிலவும் வழக்கத்தை மக்கள் விரும்பிச் செய்கிறார்களா, பிறருக்கு அஞ்சிச் செய்கிறார்களா என்பதே. விரும்பிச் செய்யும் இடத்தில் நீண்ட உரையாடலும் கல்வியும் தேவை. அங்கே குறுக்கு வழி இல்லை. வறுமையாலோ நிலமின்மையாலோ வேலையின்மையாலோ கட்டுண்ட இடத்தில் அவற்றை மாற்றும் பெருஞ்செலவும் அரசியல் துணிவும் தேவை. சிறு மாற்றங்களைக் காட்டி அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. பிறருக்கு அஞ்சிச் செய்யும் இடத்தில் மட்டுமே, அந்த அஞ்சும் வட்டம் எது என்று கண்டறிந்து, அவ்வட்டத்தினர் ஒரே நேரத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி அடியெடுத்துவைக்க வகைசெய்யும் சிறு ஏற்பாடு பெரிய பயனைத் தரும். சியாமென் உறுதிமொழி, ஜாபுகுக் கூட்டறிவிப்பு, ரியாத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கை, புதுக்கோட்டைத் திடல் ஆகிய நான்கும் வெளித்தோற்றத்தில் வேறுபட்டாலும் செய்தது இந்த ஒரே வேலையைத்தான்.

இதிலிருந்து சீர்திருத்தத்தில் ஈடுபடுவோர் பெறக்கூடிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. வரதட்சிணை, ஆடம்பரத் திருமணம், சாதி பார்த்து நடத்தப்படும் மணவுறவு போன்றவற்றைத் தனியே பேசும்போது வருந்துபவர்கள் பலர் இருந்தும், தம் வீட்டு நிகழ்வு என்று வரும்போது வழக்கத்துக்கே பணிவதைத் தமிழ்ச் சமூகம் நாள்தோறும் காண்கிறது. அவர்களைக் கோழைகள் என்று பழிப்பது எளிது. ஆனால் தனித்து விலகும் குடும்பம் தன் பிள்ளையின் வாழ்வைப் பணயம் வைக்கிறது என்ற உண்மையை அந்தப் பழிப்பு கணக்கில் எடுப்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் எடுக்கும் வரதட்சிணை மறுப்பு உறுதிமொழி பாதிப் பாலமாகவே நிற்கும். மகனைப் பெற்றவர்களும் அதே அவையில், ஒருவருக்கொருவர் சம்பந்தம் செய்துகொள்ளக்கூடிய வட்டத்துக்குள், அவ்வுறுதியை எடுக்கும்போதுதான் அது கடக்கக்கூடிய வழியாகும். இழப்பைத் தனி ஒருவரின் தலையில் ஏற்றாத சீர்திருத்தமே சாதாரண மனிதர்களுக்கு எட்டக்கூடிய சீர்திருத்தம். மாவீரர்களுக்காகக் காத்திராமல், சாதாரண மனிதர்கள் சேர்ந்து துணியும் வாய்ப்பை உருவாக்குவதே சமூகத்தை மாற்ற விரும்புவோரின் முதற்பணி.